கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் கையில் வந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேபில் தரும் ‘லிப்பிட் ப்ரொஃபைல்’ தாளில் ஆறேழு எண்கள் இருக்கும். தடித்த எழுத்தில் ஏதாவது இருந்தால் பயந்துவிடுகிறோம். எதுவும் இல்லையென்றால் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். பயப்படத் தேவையில்லாதவர் பயப்படுவதும், கவனிக்க வேண்டியவர் கவனிக்காமல் விடுவதும் இப்படித்தான் நடக்கிறது. அந்த எண்களுக்கு என்ன பொருள், யாருக்கு எவ்வளவு இருக்க வேண்டும், சாப்பாட்டில் எதை மாற்றினால் எந்த எண் அசையும், மாத்திரையை எப்படி எடுக்க வேண்டும் என்பதை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறோம்.

கொலஸ்ட்ரால் என்றாலே கெட்டதுதானா?

இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது. பித்தநீர், வைட்டமின் டி, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரான், கார்டிசால் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, முக்கியமாகக் கல்லீரல். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுவது இதனால்தான்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். எனவே புரதத்தால் பொதிந்த சிறு உருண்டைகளாகத்தான் அது ரத்தத்தில் பயணம் செய்கிறது. எல்டிஎல் என்பது அப்படி ஓர் உருண்டை. ரத்தத்தில் எல்டிஎல் அதிகமாக, அதிக ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தால், அது ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். அங்கே அழற்சி உண்டாகி, படிவு வளர்ந்து, ஒருநாள் அந்தப் படிவின் மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும். இதயக் குழாயில் நடந்தால் மாரடைப்பு, மூளைக் குழாயில் நடந்தால் பக்கவாதம். எவ்வளவு இருந்தது என்பதோடு எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதும் சேர்ந்துதான் ஆபத்தை முடிவு செய்கிறது.

எச்டிஎல்லை ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்கிறோம். அது குறைவாக இருப்பது இதயநோய் ஆபத்தின் அடையாளம். ஆனால் மருந்து கொடுத்து எச்டிஎல்லை மட்டும் உயர்த்திப் பார்த்த ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எனவே ‘எச்டிஎல்லை எப்படி ஏற்றுவது’ என்று அலைய வேண்டாம். நடைப்பயிற்சி, எடைக் குறைப்பு, புகையை விடுவது ஆகியவற்றால் அது தானாகக் கொஞ்சம் ஏறும்.

ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது?

நம் ஊர் லேப்களில் அடிக்கடி வரும் மாதிரி ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். எல்லா எண்களும் மி.கி./டெ.லி. கணக்கு, அதாவது ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது.

மொத்த கொலஸ்ட்ரால் 212
எச்டிஎல் 34
டிரைகிளிசரைடு 260
விஎல்டிஎல் 52
எல்டிஎல் 126

இதில் டிரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு; அதைச் சுமக்கும் உருண்டைதான் விஎல்டிஎல். இந்த விஎல்டிஎல்லை யாரும் அளக்கவில்லை. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துப் போட்டிருக்கிறார்கள்: 260 ÷ 5 = 52. எல்டிஎல்லும் பல லேப்களில் கணக்குதான்: 212-இல் எச்டிஎல் 34-ஐயும் விஎல்டிஎல் 52-ஐயும் கழித்தால் 126. ஃப்ரீட்வால்ட் என்பவர் 1972-இல் வெளியிட்ட சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழேயும் டிரைகிளிசரைடு ஏற ஏற, கணக்கில் வரும் எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியத் தொடங்கும். அப்போது ‘டைரக்ட் எல்டிஎல்’ கேட்கலாம். அதைவிட எளிய வழி நான்-எச்டிஎல்.

நான்-எச்டிஎல் என்பது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது. இங்கே 212 − 34 = 178. குழாயில் படியக்கூடிய எல்லா உருண்டைகளும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. எல்டிஎல் 126 என்பதைப் பார்த்தவர் ‘கிட்டத்தட்ட நார்மல்’ என்பார். ஆனால் 178 என்ற நான்-எச்டிஎல் நல்ல எண்ணே அல்ல. பொதுவாக அது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். பல தாள்களில் இந்த வரியே இருக்காது. பேனாவை எடுத்து நீங்களே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தாள்: மொத்தம் 230, எச்டிஎல் 75, டிரைகிளிசரைடு 100. மொத்தம் 200-ஐத் தாண்டியதால் அது தடித்த எழுத்தில் வந்திருக்கும். ஆனால் நான்-எச்டிஎல் 155 தான். மொத்தம் 212 உள்ள முதல் ஆளைவிட, மொத்தம் 230 உள்ள இவருடைய ரத்தம் மேலானது. ‘டோட்டல் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பதில் உள்ள கோளாறு இதுதான்.

அப்படியானால் எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? தாளிலேயே ‘நார்மல்’ அளவு போட்டிருக்கிறதே?

தாளில் உள்ளது எல்லோருக்குமான பொது அளவு. உங்கள் இலக்கு, உங்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பைப் பொறுத்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி இப்படிச் சொல்கிறது:

ஆபத்து குறைந்த பொதுமக்களுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழ், நான்-எச்டிஎல் 130-க்குக் கீழ்.
சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழ், நான்-எச்டிஎல் 100-க்குக் கீழ்.
ஏற்கெனவே மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம், கால் குழாய் அடைப்பு வந்தவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழ், நான்-எச்டிஎல் 85-க்குக் கீழ்.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த ஒருவரின் எல்டிஎல் 98 என்று வந்தால் லேப் தாளில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஆனால் அவருக்கு அது மிக அதிகம். ‘நார்மல்தான்’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும் இந்த நிலைதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது.

சர்க்கரைக்காகப் போனவர்கள் ‘எல்டிஎல் 98 தானே, எதற்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை?’ என்று கேட்பதற்கும் பதில் இதுவே. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு, எண் சுமாராக இருந்தாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை.

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

முதல் பரிசோதனைக்கும் வழக்கமான பரிசோதனைக்கும் அவசியமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறும். மற்ற எண்கள் பெரிதாக மாறா. சாப்பிட்டபின் எடுத்ததில் டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால், 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி எடுக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், பால், சர்க்கரை போட்ட காபி கூடாது.

வேறு சில பிழைகளும் நடக்கின்றன. முந்தின இரவு மது அருந்தினால் டிரைகிளிசரைடு எகிறும். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பிறகு சில வாரங்களுக்கு எல்டிஎல் இயல்பைவிடக் குறைவாகக் காட்டும். மாரடைப்பு வந்து நான்கு நாள் கழித்து எடுத்த ரிப்போர்ட்டை வைத்து ‘எனக்குக் கொலஸ்ட்ராலே இல்லையே, எப்படி அட்டாக் வந்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணை நம்ப முடியாது. ஒரு வாரம் பத்தியம் இருந்துவிட்டு டெஸ்ட் எடுப்பதும் அப்படித்தான்; வழக்கமாகச் சாப்பிடும் நாட்களில் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

சிங்கப்பூரில் எடுத்த ரிப்போர்ட்டில் 5.4 என்று இருக்கிறது. இது குறைவா?

அது வேறு அலகு: மில்லிமோல். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா ரிப்போர்ட்களில் இப்படி இருக்கும். மொத்தம், எல்டிஎல், எச்டிஎல் மூன்றையும் 38.67-ஆல் பெருக்குங்கள், 5.4 என்பது சுமார் 209. டிரைகிளிசரைடுக்கு மட்டும் 88.57-ஆல் பெருக்க வேண்டும், 1.7 என்றால் 150. இரண்டுக்கும் ஒரே எண்ணால் பெருக்கிவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

நான் ஒல்லி. கொழுப்புக் கட்டியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. எனக்கு எப்படி?

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் உடம்பு எதையும் காட்டாது. தலைசுற்றல், பிடரி வலி, களைப்பு எதுவும் அதன் அறிகுறி அல்ல. தோலுக்கடியில் உருளும் மிருதுவான கொழுப்புக் கட்டிக்கும் ரத்தக் கொழுப்புக்கும் தொடர்பில்லை. கட்டி உள்ளவர்களுக்குக் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கலாம், இல்லாதவர்களுக்கு 300 இருக்கலாம்.

உடல் பருமன் டிரைகிளிசரைடை ஏற்றும், எச்டிஎல்லை இறக்கும். எல்டிஎல்லை முடிவு செய்வதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ஒல்லியானவருக்கும் எல்டிஎல் 190 இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி ரத்தப் பரிசோதனை. 18 வயதில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது இப்போதைய இந்தியப் பரிந்துரை; குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கும் முன்பே.

வேறு நோயால் கொலஸ்ட்ரால் ஏறுமா?

ஏறும், இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும்; தைராய்டு மாத்திரை எடுத்ததும் பலருக்கு அது இறங்கிவிடும். ஆகவே தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனை பார்க்காமல் ஸ்டாட்டின் தொடங்குவது சரியல்ல. கட்டுப்படாத சர்க்கரை, சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய், பித்தநீர் அடைப்பு, மது, ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் ஆகியவையும் காரணமாகலாம். கர்ப்பகாலத்தில் எல்லாமே இயல்பாக ஏறும், டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்குகூட. அந்த மாதங்களில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முட்டை மஞ்சள் கருவை விட்டுவிட வேண்டுமா?

ஒரு முட்டையில் 200 மி.கி.க்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது, எல்லாம் மஞ்சள் கருவில். ஆனால் சாப்பிடும் கொலஸ்ட்ரால் ரத்த எல்டிஎல்லைப் பெரும்பாலோருக்குக் கொஞ்சம்தான் ஏற்றுகிறது. நாளுக்கு 300 மி.கி. என்று இருந்த எண் வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் எடுத்துவிட்டது. நலமாக உள்ளவர் தினமும் ஒரு முட்டை சாப்பிடலாம். சர்க்கரை நோயோ மிக அதிக எல்டிஎல்லோ உள்ளவர்கள் வாரத்துக்கு மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முட்டையைவிட அதன் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். அவித்த முட்டை வேறு, வனஸ்பதியில் மடித்த எக் பஃப்ஸ் வேறு. ஆட்டு மூளையின் கதையும் தனி: 100 கிராமில் 1,000 மி.கி.யைத் தாண்டும். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எந்த எண்ணெய்? செக்கு எண்ணெய் என்றால் பரவாயில்லையா?

எல்டிஎல்லை ஏற்றுவது நிறைகொழுப்பு (‘சாச்சுரேட்டட் ஃபேட்’). எண்ணெயில் பார்க்க வேண்டியதும் அதுதான். தேங்காய் எண்ணெயில் 100-க்கு 80-க்கு மேல் நிறைகொழுப்பு. நெய்யில் 60-க்கு மேல். ரேஷனில் வரும் பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி. கடலை எண்ணெயில் 17 முதல் 20, நல்லெண்ணெயில் சுமார் 15, சூரியகாந்தியில் 10 முதல் 12.

செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்சத்துகளும் தங்கும். ஆனால் கொழுப்பின் வகை மாறாது. செக்குத் தேங்காய் எண்ணெயும் தேங்காய் எண்ணெய்தான். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது எல்டிஎல்லைச் சராசரியாக 10 மி.கி. அளவு கூடுதலாக்கியது. கன்னியாகுமரிச் சமையலிலும் யாழ்ப்பாணத்துச் சொதியிலும் தேங்காய் விலக்க முடியாதது. விலக்கச் சொல்லவும் இல்லை. தாளிப்பை நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாற்றி, முதற்பாலின் அளவைப் பாதியாக்கினாலே வித்தியாசம் தெரியும்.

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எண்ணெய் டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து வருவது; எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லத்தக்க அளவில் கிடையாது. பாமாயில் டப்பாவிலும் அதே வரியை அச்சிடலாம், பொய்யாகாது.

அளவுக்கு ஒரு கணக்கு. நான்கு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மி.லி. அதுவே மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் வாங்குகிற வீடு என்றால் எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு முன் அளவைத்தான் குறைக்க வேண்டும். வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதையும் விடுங்கள். பேக்கரிப் பண்டங்களில் வனஸ்பதி வழியாக வந்து எல்டிஎல்லை ஏற்றும் டிரான்ஸ் கொழுப்புக்கு இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்ற வரம்பு உண்டு. ஆனால் டிரான்ஸ் போன இடத்தில் பெரும்பாலும் நிறைகொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் கறியே சாப்பிடுவதில்லை. டிரைகிளிசரைடு மட்டும் ஏன் 280?

நம் மக்களிடம் அதிகம் காணப்படும் கோளாறு இதுதான். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு (ஐசிஎம்ஆர்) நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். எல்டிஎல் அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான்.

டிரைகிளிசரைடு ஏறக் கறி தேவையில்லை. மிஞ்சிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மதுவையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. காலையில் நான்கு இட்லி, மதியம் குவித்த சோறு, நடுவே முறுக்கு, இரவு மூன்று தோசை. இதில் எண்ணெய் குறைவுதான். ஆனால் ஏறக்குறைய எல்லாமே மாவுச்சத்து. இதோடு நாளுக்கு ஐந்து டம்ளர் டீ, காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம் சர்க்கரை அதிலேயே போகிறது. நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம், தேன் என்று மாற்றினாலும் டிரைகிளிசரைடுக்கு வித்தியாசம் தெரியாது. பழச்சாறும் அப்படியே, பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

செய்ய வேண்டியது: மதியச் சோற்றை ஒரு கப் அளவுக்குக் குறைத்து, அந்த இடத்தைப் பொரியல், கூட்டு, சுண்டல், மீன் இவற்றால் நிரப்புங்கள். முதலில் காயையும் பருப்பையும் தட்டில் வையுங்கள், சோறு பிறகு வரட்டும். இனிப்புப் பானங்களை நிறுத்துங்கள். மதுவை முழுவதுமாக நிறுத்தினால் சிலருக்கு ஒரே மாதத்தில் எண் பாதியாகும். வேகமாக நடப்பது, வாரத்துக்கு 150 நிமிடமாவது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் டிரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். மற்ற எந்த எண்ணைவிடவும் இதுதான் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் கட்டுப்படும்.

பூண்டு, வெந்தயம், ஓட்ஸ், மீன் எண்ணெய் மாத்திரை: எது உண்மையில் வேலை செய்கிறது?

கரையும் நார்ச்சத்து வேலை செய்கிறது. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் குறையும்; அதற்குச் சமைக்காத ஓட்ஸ் 75 கிராமாவது வேண்டும், இரண்டு ஸ்பூன் போதாது. இசப்கோல் நாளுக்கு 7 முதல் 10 கிராம் எடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன், நிறையத் தண்ணீரோடு. வெந்தயம், அவரை, கொள்ளு, வெண்டைக்காய், கொய்யா ஆகியவற்றிலும் இந்த நார் உண்டு. பூண்டின் பலன் சிறியது. சமையலில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

மீன் எண்ணெய் மாத்திரையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘1000 மி.கி.’ என்று முன்னால் இருந்தாலும், உள்ளே வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மி.கி. மட்டுமே இருப்பது வழக்கம். டிரைகிளிசரைடை இறக்கத் தேவையான அளவு 2 முதல் 4 கிராம். அதாவது இந்த மாத்திரையில் ஏழு முதல் பதின்மூன்று. அந்தப் பணத்துக்கு வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ வாங்கிக் குழம்பு வைப்பது மேல், பொரிக்காமல்.

ஸ்டாட்டின் மாத்திரை என்ன செய்கிறது? இரவில்தான் போட வேண்டுமா?

ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது குறைக்கும். உள்ளே தட்டுப்பாடு வந்ததும், கல்லீரல் செல்கள் ரத்தத்திலுள்ள எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக முளைக்க வைக்கும், ரத்தம் தெளியும். 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதயநோய் உள்ள 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், எல்டிஎல் ஒவ்வொரு 39 மி.கி. இறங்கும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன.

சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும் என்பதால் இரவில் போட வேண்டும். இப்போது அதிகம் எழுதித் தரும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரமும் எடுக்கலாம். இரவில் மறந்துபோகிறவர்கள் காலை மாத்திரைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மறக்காமல் எடுப்பதுதான் முக்கியம். விலை இடையூறாக இருந்தால் மக்கள் மருந்தகங்களில் இதே மருந்துகள் மூலப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. எல்டிஎல் இன்னும் ஆறு சதவீதம் அளவே இறங்கும். ஆகவே இலக்கு எட்டவில்லை என்றால் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பார்கள். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து மேலும் 20 சதவீதம்போலக் குறைக்கும். அதுவும் போதாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் எவோலோகுமாப் ஊசி, தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்க்லிசிரான் ஊசி ஆகியவை உண்டு. எல்டிஎல்லைப் பாதிக்கு மேலும் இறக்கக்கூடியவை. விலைதான் அதிகம்.

மாத்திரையால் கை கால் வலி, கல்லீரல் பாதிப்பு, சர்க்கரை வருமாமே?

வலி: ஸ்டாட்டினால் வரும் தசைவலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் சமமாக இருக்கும், தொடங்கிய சில வாரங்களில் வரும். ஒரு முழங்காலில் மட்டும் வலி என்றால் காரணம் வேறு. பக்கவிளைவு என்று மாத்திரையை நிறுத்திய 60 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், சில மாதங்கள் ஸ்டாட்டினும் சில மாதங்கள் வெற்று மாத்திரையும், எது எதுவென்று தெரியாமல் கொடுத்தார்கள். ஸ்டாட்டினின்போது வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளல்ல. பல நேரம் அதற்குக் காரணம் அந்த மருந்து அல்ல.

வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி சிபிகே (தசைப் பாதிப்பைக் காட்டும் பரிசோதனை), டிஎஸ்எச், வைட்டமின் டி பாருங்கள். அவர் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவிட்டுக் குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்குவார். பெரும்பாலோர் இப்படித் தொடர முடிகிறது. சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்து, தசைகள் தளர்ந்தால் அது மிக அரிதான தசைச் சிதைவாக இருக்கலாம்: அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் சில ஸ்டாட்டின்களோடு சேர்ந்தால் இந்த ஆபத்து கூடும். படைக்கு, சளிக்கு மருந்து வாங்கும்போதும் ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கல்லீரல்: தொடங்கும் முன் ஒருமுறையும், இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் எண் இயல்பு வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் நிறுத்த யோசிப்பார்கள். ‘ஃபேட்டி லிவர்’ இருப்பது ஸ்டாட்டினுக்குத் தடையல்ல.

சர்க்கரை: சற்றுக் கூடலாம் என்பது உண்மை, அதுவும் ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்களுக்கு. இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரியது.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, பெரும்பாலும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும்.

எல்டிஎல் 68-க்கு வந்துவிட்டது. இனி நிறுத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த 68 மாத்திரை எடுப்பதால் வந்த எண். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும், உங்களுக்கு எதுவும் தெரியாமலே. ரத்தக்கொதிப்பு மாத்திரை போலத்தான் இதுவும். எடை பெரிதாகக் குறைந்து, சாப்பாடு மாறியிருந்தால் அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாரடைப்பு வந்தவருக்கு அதுவும் பொருந்தாது. தொடங்கிய பிறகும் அளவை மாற்றிய பிறகும் 4 முதல் 12 வாரத்தில் ஒருமுறை, பிறகு 6 அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பாருங்கள்.

டிரைகிளிசரைடு 1,200 என்று வந்திருக்கிறது. இது அவசரமா?

ஆம். 500-ஐத் தாண்டினாலே கணைய அழற்சிக்கான கவலை தொடங்கும், 1,000-ஐத் தாண்டினால் ஆபத்து உண்மையிலேயே பெரிது. இத்தகையவர்களின் ரத்தம் குழாயில் தெளிந்து நிற்கும்போது, மேலே மஞ்சள் நீருக்குப் பதிலாகப் பால் போல வெளுத்திருக்கும். லேபிலிருந்தே கூப்பிட்டுச் சொல்வார்கள். பிட்டத்திலும் முழங்கையிலும் மஞ்சள் முனையுள்ள சிறு பருக்கள் கூட்டமாக வரலாம். மது உடனே நிற்க வேண்டும், எண்ணெயும் இனிப்பும் மிகவும் குறைய வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை தருவார்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் ‘கேஸ்’ என்று ஜெலுசில் குடித்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்பாவுக்கு 42 வயதில் மாரடைப்பு. குழந்தைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் என்ற நிலை சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பியின் மரபணுவில் குறை; இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறந்தது முதலே எல்டிஎல் அதிகம்; பெரியவர்களுக்கு 190-க்கு மேல். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு போன்ற தசைநாணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக் கீழிருந்து மேலே தடவுங்கள். கயிறு போல ஒரே சீராக இருக்க வேண்டும். முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கைவிரல் மூட்டுகளின் மேலும் அப்படி வரலாம். 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதும் ஓர் அடையாளம். இவை எதுவும் இல்லாமலும் நோய் இருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனைதான் முடிவானது.

நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணம் முடிப்பது இன்னும் இருக்கிறது. இருவருக்கும் ஒரே குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பில் இரட்டைக் குறை வரும். அந்தப் பிள்ளைகளுக்கு எல்டிஎல் 400, 500 என்று இருக்கும், விரலிடுக்கிலும் முட்டியிலும் மஞ்சள் தடிப்புகள் தோன்றும், இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். அந்தத் தடிப்புகளை மரு என்று தீய்க்கப் போகாமல் ரத்தம் பாருங்கள். ஒருவருக்குக் கண்டுபிடித்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் பரிசோதிக்க வேண்டும். பள்ளி வயதிலேயே சிகிச்சை தொடங்கினால் இவர்கள் இயல்பான வாழ்நாளை எட்ட முடியும்.

இத்தகைய குடும்பங்களில் லிப்போபுரோட்டீன் ஏ (எல்டிஎல் போன்ற, மரபணுவால் கூடும் இன்னோர் உருண்டை) என்ற பரிசோதனையையும் வாழ்நாளில் ஒருமுறை எடுத்துவிடுங்கள். 50 மி.கி.க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். சாப்பாட்டால் அது இறங்காது, ஆகவே மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். லேபில் ‘அப்போ ஏ-1’ என்ற வேறொன்றை எடுத்துவிடுவதுண்டு. சீட்டைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எதை எடுத்துப்போவது?

மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த முதல் ரிப்போர்ட். இது இல்லாமல் எத்தனை சதவீதம் இறங்கியது என்று கணக்கிட முடியாது. பரம்பரைக் கொலஸ்ட்ராலா என்று சொல்வதும் கடினமாகிவிடும். அதோடு கடைசி இரண்டு ரிப்போர்ட், டிஎஸ்எச், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சித்த ஆயுர்வேத மருந்துகளும் சேர்த்து. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்கு எந்த வயதில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ரிப்போர்ட் மையெழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். இன்றே போனில் படம் எடுத்து, தேதியோடு ஒரே இடத்தில் சேமித்துவையுங்கள்.